ஊரைத் தெரிவு செய்தும் விவசாயிகளின் எண்ணிக்கை மாறாதது ஏன்?

பவர் பிஐ என்ற தரவு அறிக்கை மென்பொருளில் செய்த நெல் கொள்வனவு அறிக்கையில் ஏறாவூரைத் தெரிவு செய்தால் மூடைகளின் கூட்டுத்தொகை குறைகிறது, விவசாயிகளின் எண்ணிக்கை மட்டும் அசையவில்லை என்கிறீர்கள். சூத்திரத்தைக் குடைய வேண்டாம். அட்டவணைகளுக்கு இடையிலான தொடர்பின் திசையைப் பாருங்கள்.

வடிகட்டல் இயல்பாக, ஒவ்வொரு பெயரும் ஒரே முறை வரும் ‘ஒன்று’ பக்க அட்டவணையிலிருந்து, அது பலமுறை வரக்கூடிய ‘பல’ பக்க அட்டவணைக்கே செல்லும். உன்னிச்சைக் குளத்து நீர் வயலுக்கு இறங்கும். வயலிலிருந்து குளத்துக்கு ஏறாது. ஊர், விவசாயி இரண்டும் உங்கள் தரவு மாதிரியில் ‘ஒன்று’ பக்கம். நடுவில் உள்ள கொள்வனவு ‘பல’ பக்கம். ஏறாவூர் என்ற வடிகட்டல் கொள்வனவுவரை வந்து நின்றுவிடுகிறது. விவசாயி அட்டவணைக்கு அது எட்டுவதே இல்லை. நீங்களோ அந்த அட்டவணையின் வரிசைகளை எண்ணுகிறீர்கள்.

கொள்வனவு அட்டவணையில் உள்ள விவசாயி இலக்கத்தை டிஸ்டிங்க்ட்கவுண்ட் (ஒரே இலக்கம் எத்தனை முறை வந்தாலும் ஒன்றாகவே எண்ணும் சார்பு) கொண்டு எண்ணுங்கள்; போதும். தொடர்பையே இருதிசையாக்கச் சொல்வோரும் உண்டு. நான் சொல்லமாட்டேன்: அட்டவணைகள் பெருகும்போது வடிகட்டலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் உருவாகி, எந்த எண் எங்கிருந்து வந்தது என்பதே தெரியாமல் போகும். தவிர்க்க முடியாவிட்டால் அந்த ஒரு கணிப்பில் மட்டும் தொடர்பை இருதிசையாக்கும் கிராஸ்ஃபில்டர் சார்பைப் பயன்படுத்தலாம்.

ஊரைத் தெரிவு செய்யும் பெட்டியான ஸ்லைசரில் வெற்று வரி ஒன்று தெரிகிறதா? கொள்வனவில் யாரோ ‘ஏராவூர்’ என்று பதிந்திருப்பார்கள். ஊர் அட்டவணையில் பொருந்தாதவை எல்லாம் அங்கேதான் சேரும்.