லியோன் செல்லும் மகளின் மாத்திரை நேரமும் உறக்கமும்

கேள்வி: நாங்கள் கடலூரில் வசிக்கிறோம். 22 வயதான என் மகள் முதுகலைப் படிப்புக்காக ஆகஸ்ட் இறுதியில் பிரான்சின் லியோன் நகருக்குச் செல்கிறாள். அவளுக்கு 16 வயதிலிருந்து வலிப்பு நோய் உள்ளது. லெவெடிரசெட்டம் 500 மி.கி. மாத்திரையைக் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் எடுத்துக்கொள்கிறாள். இரண்டு ஆண்டுகளாக வலிப்பு வரவில்லை. ஆனால், கண்விழித்துப் படித்த மறுநாள் காலையில் கைகள் வெடுக்கென்று உதறுகின்றன. டம்ளர் நழுவி விழுகிறது. நேர வேறுபாட்டில் மாத்திரையையும் தூக்கத்தையும் எப்படி ஒழுங்குபடுத்துவது? நோயைப் பற்றி அங்கே யாரிடமாவது சொல்ல வேண்டுமா?

பதில்: காலையில் கைகள் உதறுவதைக் களைப்பு என்று ஒதுக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் வயதையும் நேரத்தையும் சூழலையும் சேர்த்துப் பார்த்தால், இளம்பருவ மயோக்ளோனிக் வலிப்பு என்ற வகையாக இருக்கக்கூடும் என்று தோன்றுகிறது. அப்படியானால் அந்த உதறலும் ஒரு சிறு வலிப்புதான். இரண்டு ஆண்டுகளாக வலிப்பே இல்லை என்ற உங்கள் கணக்கு சரியாகாது. பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்ற வேண்டுமென்றால், அவள் இங்கே இருக்கும்போதே மாற்றிப் பார்த்துவிடுவது நல்லது. இந்த வகை வலிப்பைத் தூண்டுபவற்றில் தூக்கமின்மைக்குத்தான் முதலிடம். ஆழ்ந்த உறக்கத்திலிருந்து திடீரென்று எழுப்பப்படுவதும், முந்தைய இரவு மது அருந்துவதும் அடுத்தவை.

பலரும் வெளிநாட்டுக் குளிரையும் படிப்புச் சுமையையும் நினைத்துக் கவலைப்படுகிறார்கள். என் பார்வையில் அவற்றைவிட ஆபத்தானது புறப்படும் இரவுதான். சென்னையிலிருந்து மேற்கே செல்லும் பல விமானங்கள் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் கிளம்புகின்றன. கடலூரிலிருந்து விமான நிலையத்துக்குக் காரில் ஏறத்தாழ நான்கு மணி நேரமாகும். அதற்கு முன்பு வழியனுப்ப வந்த உறவினர்களால் வீடு நிறைந்திருக்கும். பெட்டி கட்டும் வேலை கடைசி நிமிடம் வரை நீளும். இப்படி ஓர் இரவு முழுவதும் தூங்காமல், அடுத்த நாளும் விமானத்தில் அரைத்தூக்கத்தில் கழித்து, முன்பின் தெரியாத ஊரில் தனியாக இறங்குவதைத் தவிர்க்க வேண்டும். பகலில் கிளம்பும் விமானம் கிடைத்தால் கட்டணம் சற்றுக் கூடுதலானாலும் அதையே தேர்ந்தெடுத்து, முந்தைய இரவு சென்னையில் தங்கி உறங்கட்டும். கிடைக்காவிட்டால், உறவினர்களை முதல் நாளே வந்து பார்த்துச் செல்லச் சொல்லிவிட்டு, கிளம்பும் நாளின் பிற்பகலில் அவளைச் சில மணி நேரம் நன்றாகத் தூங்க விடுங்கள்.

மாத்திரை நேரத்தை மாற்றுவது எளிது. லெவெடிரசெட்டத்தின் அளவு இரத்தத்தில் 6 முதல் 8 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், இரு வேளைகளுக்கு இடையே நீண்ட இடைவெளி விழக் கூடாது. ஆகஸ்டில் பிரான்சின் நேரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். அதாவது லியோனில் 8 மணி என்றால் நமக்கு 11.30. ஆகவே, உங்கள் மருத்துவர் ஒப்புக்கொண்டால், பயணத்துக்கு நான்கு நாட்களுக்கு முன்பிருந்து இரு வேளைகளையும் 9, 10, 11, 11.30 என்று நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போகலாம். இம்முறையில் எந்த வேளையும் விடுபடாது. ஒரு நாளில் ஓர் இடைவெளி மட்டும் அதிகபட்சம் 13 மணி நேரமாகும். கைப்பேசி போகும் ஊரின் நேரத்துக்குத் தானாக மாறி அலாரத்தைக் குழப்பிவிடும் என்பதால், சென்று சேரும் வரை இந்திய நேரம் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றை அவள் கட்டியிருக்கட்டும். மாத்திரைகள் கைப்பையில் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் அல்ல. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதற்காகத் தனித் திட்டம் எதுவும் தேவையில்லை, புதிய நேரத்தின்படி 8 மணிக்கே தொடரலாம்.

உறக்கத்தைப் பொறுத்தவரை, படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை உறுதியாகப் பிடித்துக்கொள்வதே பலன் தரும். விடுமுறை நாளிலும் எழும் நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் மாறக் கூடாது. ஆண்டு முழுவதும் ஆறு மணியையொட்டி விடியும் ஊரில் வளர்ந்தவளுக்கு, ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சமும் டிசம்பரில் காலை எட்டு மணி தாண்டியும் இருட்டும் உடலின் கடிகாரத்தைக் குழப்பும். கோடையில் தடித்த திரைச்சீலையும், குளிர்காலத்தில் எழுந்தவுடன் நல்ல விளக்கொளியும் உதவும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்ததும் மகளை அழைக்கும் பழக்கம் இருந்தால், அப்போது லியோனில் அதிகாலை 2 மணி, குளிர்காலத்தில் 1 மணி. இரவு ஒன்பதரைக்கு நீங்கள் அழைத்தால் அவளுக்கு மாலை நேரமாக இருக்கும்.

மூன்று மாத மருந்தையும், மருந்தின் பொதுப்பெயரும் அளவும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்ட மருத்துவரின் கடிதத்தையும் எடுத்துச் செல்லட்டும். நம் ஊர் வணிகப் பெயர்கள் அங்கே புரியாது. தீர்ந்தால் கூரியரில் அனுப்பிக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம், சுங்கத்தில் நின்றுவிடும். குளோபசாம் போன்ற மருந்துகளும் இருந்தால், அவை கட்டுப்பாட்டுக்குரியவை என்பதால் தேவையான சான்றிதழ்களைப் பற்றித் தூதரகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். பிரான்சின் பொது மருத்துவக் காப்பீட்டில் வெளிநாட்டு மாணவர்கள் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். பதிவு முடியச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், சேர்ந்தவுடன் விண்ணப்பித்து, பொது மருத்துவர் ஒருவரையும் பார்த்துவிட வேண்டும்.

நோயை மறைக்கச் சொல்லி அனுப்பாதீர்கள். பெண்ணின் எதிர்காலத்தை எண்ணிப் பெற்றோர் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் சொல்வது ரகசியமாகவே இருக்கும், தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கும் அதுவே வழி. அறைத் தோழி ஒருத்திக்கேனும் தெரிந்திருக்க வேண்டும். குளியலறைக் கதவை உள்ளே தாழிடாமல் இருப்பது பற்றியும் அவளிடம் பேசிக்கொள்ளலாம். வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிப்பதும் பற்களுக்கிடையே எதையாவது வைப்பதும் கூடாது. சுற்றியுள்ள கூர்மையான பொருட்களை அகற்றி, தலைக்கடியில் மென்மையாக எதையாவது வைத்து, உதறல் தணிந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஐந்து நிமிடங்களைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மீண்டும் வந்தாலோ 15 அல்லது 112 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.