இர்வினுக்காகத் திருக்கைகளைக் கொன்றது உண்மையா? நம் ஊரில் அப்படி ஒரு சாவு நேர்ந்தால் என்ன செய்வது?

கேள்வி: டிவியில் முதலை பிடித்துக் காட்டிய ஸ்டீவ் இர்வின் இறந்ததும் ஆஸ்திரேலியாவில் திருக்கை மீன்களைக் கொன்று வாலை அறுத்தார்கள் என்கிறார்களே, உண்மையா? குடியாத்தம் பக்கம் எங்கள் ஊரில் பாம்பு பிடிக்கும் அண்ணன் ஒருவர் கடிபட்டு இறந்துவிட்டார். பையன்கள் பேனர், வீடியோ என்று இறங்கிவிட்டார்கள். வேறு என்ன செய்தால் அவருக்கு மரியாதையாக இருக்கும்?

பதில்:

முதலில் உங்கள் அண்ணனுக்கு என் அஞ்சலி.

திருக்கை விஷயம் பெரும்பாலும் உண்மை. இர்வின் இறந்தது 2006 செப்டம்பர் 4, குயின்ஸ்லாந்தில் போர்ட் டக்ளஸ் ஊருக்கு அப்பால் உள்ள பேட் ரீஃப் பவளத்திட்டில். அப்போது வயது 44. அடுத்த ஒரு வாரத்துக்குள் அந்த மாநிலக் கடற்கரைகளில் குறைந்தது 10 திருக்கைகள் செத்துக் கிடந்தன. சிலவற்றுக்கு வால் அறுக்கப்பட்டிருந்தது. வலையில் தவறி வந்து மாட்டும் திருக்கையின் வாலை மீனவர்கள் தங்கள் பாதுகாப்புக்காக வெட்டுவது உண்டு என்று மீன்வளத் துறையைச் சேர்ந்த ஒருவர் அப்போதே சொன்னார். ஆகவே பத்தும் பழிக்குக் கொல்லப்பட்டவை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இர்வின் தொடங்கிய வனவிலங்கு அறக்கட்டளையே முன்வந்து, பழிவாங்கும் எண்ணம் வேண்டாம், அவர் விரும்பியதற்கு இது நேர்மாறானது என்று மக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

திருக்கை என்றால் நமக்கு மீன் மார்க்கெட்டில் கிடக்கும் அகலமான தட்டையான உடம்பும், ஜமீன் கதைகளில் வரும் திருக்கைவால் சவுக்கும்தான் நினைவுக்கு வரும். ஆபத்து அந்த வாலின் நீளத்தில் இல்லை, வாலின் மேல்புறம் இருக்கும் முள்ளில் இருக்கிறது. இரண்டு ஓரமும் ரம்பப் பல். பற்கள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். உள்ளே போகும்போதை விட வெளியே வரும்போது சதையை அதிகம் கிழிக்கும். முள்ளின் மேல் இருக்கும் சவ்வில் நஞ்சும் உண்டு. காலில் குத்தினால் பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில், சுமார் 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை காலை வைத்திருந்தால் வலி குறையும். நெஞ்சிலோ வயிற்றிலோ முள் நின்றுவிட்டால் பிடுங்கவே கூடாது, அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அன்றைக்கு மார்பளவு ஆழமே இருந்த தண்ணீரில் இர்வின் பெரிய திருக்கை ஒன்றுக்கு மேலே நீந்தினார். மேலிருந்து விழுந்த நிழலைத் தன்னைத் தின்ன வரும் சுறா என்று அது எண்ணியிருக்கலாம் என்பது உடனிருந்த ஒளிப்பதிவாளரின் கணிப்பு. வாலால் திரும்பத் திரும்பக் குத்தியது, முள் மார்பைத் துளைத்தது. தற்காப்புக்குச் செய்ததை வன்மம் என்று படிக்க முடியாது.

மக்கள் துக்கத்தில் கோபம் மட்டுமே இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பியர்வா ஊரில் அவர் நடத்திய விலங்குக் காட்சிசாலையின் வாசலில் பூக்களும் மெழுகுவர்த்திகளும் குவிந்தன. அவர் எப்போதும் போடும் காக்கிச் சட்டையைப் போலவே சட்டைகள் வாங்கி, அதன்மேல் செய்தி எழுதி வேலியில் தொங்கவிட்டுப் போனார்கள். நம் ஊரில் தலைவர் படத்துக்கு மாலை போடுவது போல அவர்களுக்குக் காக்கிச் சட்டை. அரசு மரியாதையுடன் அடக்கம் செய்ய மாநில அரசு முன்வந்தது. மகன் சாதாரண மனிதனாகவே நினைக்கப்பட விரும்புவான் என்று சொல்லி அவருடைய அப்பா பாப் இர்வின் அதை மறுத்துவிட்டார். குடும்பத்தார் மட்டும் கூடி அடக்கம் செய்தார்கள். செப்டம்பர் 20 அன்று முதலைக் காட்சி நடக்கும் அரங்கில் 5,000க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் நினைவுக் கூட்டம் நடந்தது. பிரதமர் ஜான் ஹோவார்ட் பேசினார். எட்டு வயது மகள் பிண்டி எழுதிவைத்துப் படித்ததுதான் இன்றும் பலருக்கு நினைவிருக்கிறது.

மறுபக்கம், செத்த மறுநாளே எழுத்தாளர் ஜெர்மெய்ன் கிரீர், விலங்குலகம் இர்வின் மேல் பழி தீர்த்துக்கொண்டது என்கிற பொருளில் எழுதினார். நாடே கொதித்தது. விலங்குகளின் இடத்துக்குள் நுழைந்து அவற்றைச் சீண்டினார் என்ற விமர்சனம் நியாயமாகவே இருக்கட்டும். அதைச் சொல்ல அந்த நாள் பொருத்தமில்லை. ஆனால் கவனித்துப் பாருங்கள்: வாலை அறுத்தவரும் அந்தக் கட்டுரையை எழுதியவரும் ஒரே பிழையைத்தான் செய்தார்கள். இருவருமே அந்த மீனுக்குப் பழியுணர்ச்சி இருப்பதாக வைத்துக்கொண்டார்கள். அழகில்லாத, யாரும் விரும்பாத உயிர்களைச் சுட்டுத்தள்ளாமல் உயிரோடு பிடித்து இடம் மாற்றலாம் என்று காட்டியதுதான் இர்வினின் வாழ்நாள் வேலை. சாத்தனூர் அணை முதலைப் பண்ணையில் வேலிக்கு வெளியே நின்று கல்லெறியும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலை எவ்வளவு கடினம் என்று தெரியும்.

துக்கத்துக்குக் கை வேலை ஒன்று வேண்டும். இறந்தவர் விட்டுப்போன வேலையைக் கொடுத்தால் அதைச் செய்யும். கொடுக்காவிட்டால் தடியைத் தூக்கும். உங்கள் ஊரிலும் அடுத்த சில வாரங்களுக்குக் கண்ணில் படும் சாரைப்பாம்பு, தண்ணீர்ப்பாம்பு எல்லாம் அடிபடும். அடிப்பவர்கள் பாசத்தில்தான் அடிப்பார்கள். அதனால் திட்டாமல் பேசுங்கள். பாம்பைக் கொல்வதும் பிடித்து வைத்துக்கொள்வதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதைக் கடைசியாகச் சொன்னால் போதும். அவர் இத்தனை நாள் எதற்காக ஓடினார் என்பதை முதலில் சொல்லுங்கள்.

பேனர் வைப்பது தவறில்லை, எந்தப் படம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நல்ல பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டோ, வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டோ நிற்கும் படத்தை அச்சடித்தால், அதைப் பார்த்து வளரும் பையன் அதையே செய்வான். கொக்கியும் பையுமாக நிற்கும் படம் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் பாம்பே இல்லாத படம். கீழே இன்னொரு பையனின் செல்போன் எண்ணை "இனிமேல் இவரைக் கூப்பிடுங்கள்" என்று போடவே கூடாது. ஒருவர் இறந்த இடத்துக்குப் பயிற்சி இல்லாத அடுத்தவர் அந்த வாரமே வந்துவிடுவது இப்படித்தான். தீயணைப்புத் துறையின் 101, ஆம்புலன்ஸ் 108, உங்கள் வனச்சரக அலுவலக எண், இந்த மூன்று போதும்.

கடிபட்ட வீடியோ யாரிடம் இருந்தாலும் அனுப்பாமல் நிறுத்தச் சொல்லுங்கள். இர்வின் இறந்த காட்சியும் ஒளிப்பதிவில் இருந்தது. விசாரணை முடிந்ததும் பிரதிகளை அழித்தார்கள், இன்றுவரை எங்கும் ஒளிபரப்பாகவில்லை. உங்கள் அண்ணனின் பிள்ளைகள் நாளைக்குச் செல்போன் பிடிக்கும் வயதுக்கு வருவார்கள்.

அந்த வேலையைத் தொடர விரும்பும் பையன்கள் இருந்தால், வனத்துறை வழியாகப் பயிற்சி கேட்டு வாங்கிய பிறகுதான் இறங்க வேண்டும். பிடிப்பவர்கள் பலர் கடிபடுவது பாம்பைக் கையில் பிடித்துச் சாக்குக்குள் போடும் நேரத்தில்தான். கேரளத்தில் பாம்பு பிடிக்கும் வாவா சுரேஷ் 2022 ஜனவரியில் தொடையில் கடிபட்டது அப்படித்தான். ஒரு மாநிலமே அவருக்காகப் பிரார்த்தித்தது, பிழைத்துவிட்டார். சரியான முறையில் கை கிட்டேயே போகாது. மூன்று நான்கு அங்குல பிவிசி குழாய் இரண்டடி, அதன் ஒரு முனையில் இறுகக் கட்டிய கறுப்புத் துணிப் பை, கூடவே ஒரு மீட்டருக்குக் குறையாத கொக்கி. குழாயின் வாயை ஒரு சுவரோரம் வைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து கொக்கியால் மெல்ல ஒதுக்கினால், வளை என்று எண்ணிப் பாம்பு தானே உள்ளே போகும். சுற்றிலும் செல்போனோடு கூட்டம் நின்றால் போகாது. கூட்டத்தைக் கலைப்பதுதான் முதல் வேலை, அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

பதினாறாம் நாள் படத்திறப்பு வைப்பீர்கள். ஊரே ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, பாம்பு கடித்தால் என்ன செய்வது என்று சொல்லுங்கள். கடிபட்டவர் நடக்கக் கூடாது. கையோ காலோ எலும்பு முறிந்தது போல் கட்டை வைத்து அசையாமல் கட்ட வேண்டும். மோதிரம், வளையல், மெட்டி, அரைஞாண் கழற்ற வேண்டும். கயிறு இறுக்குவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது கூடாது. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருவரை உட்காரவைத்துச் செய்து காட்டுங்கள். வெறும் பேச்சு நிற்காது. பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டிய தேவை இல்லை. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டு விரியன் நான்குக்கும் நம் நாட்டில் ஒரே மருந்துதான். விரியன் கடி என்று சந்தேகித்தால் கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். கட்டு விரியன் ஒன்றுதான் தனி அபாயம்: ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலியும் தடமும் தெரியாது, விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை தூக்க முடியாமை என்று தொடங்கும். வாயுக்கோளாறு என்று கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். வேலூரில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் சிஎம்சியும் இருக்கின்றன. மந்திரிப்பவரிடம் போகும் அரை மணிதான் பெரிய எதிரி. பேனருக்கு வசூலித்ததில் பாதியை ஒதுக்கினால் நிலத்துக்கு ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களுக்கு டார்ச்சும் முட்டிவரை வரும் ரப்பர் பூட்ஸும் வாங்கலாம்.

அவருடைய வீட்டுக்காக ஒன்று, இதைத் தள்ளிப்போட வேண்டாம். அவர் பெயரில் இருந்த எல்லா வங்கிப் பாஸ்புக்கையும் எடுத்து, ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்தம் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா விபத்துக் காப்பீடு, இறப்புக்கு 2 லட்சம் ரூபாய். பாம்புக்கடிக்கும் கிடைக்கும், ஆனால் கடித்த உடனே மருத்துவமனையில் எழுதிய பதிவு கைவசம் இருக்க வேண்டும். மருத்துவமனைச் சீட்டு, பிரேதப் பரிசோதனை அறிக்கை, எஃப்ஐஆர் நகல், இறப்புச் சான்றிதழ், வாரிசுதாரரின் வங்கி விவரம் ஆகியவற்றைச் சேர்த்து, 30 நாளுக்குள் அந்த வங்கிக் கிளையில் விண்ணப்பம் கொடுக்கப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு இப்போது காகிதம் தேடும் தெம்பு இருக்காது. பேனருக்கு அலையும் பையன்களில் எழுதப் படிக்கச் சூட்டிகையான ஒருவனை இதற்கென்றே அனுப்புங்கள்.