அப்பாவின் வயதா, அப்பாவின் நடையா?

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவுக்கு 79 வயது. வெள்ளவத்தையில் எங்களோடு நான்காம் மாடியில் இருக்கிறார். மாசியில் கோயில் வாசலில் தலை சுற்றி விழுந்தார். எக்கோ, அஞ்சியோகிராம் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, இருதயத்திலிருந்து இரத்தம் வெளியேறும் பெருநாடி வால்வு மிகவும் ஒடுங்கிவிட்டது, இரண்டு இரத்தக்குழாய்களில் அடைப்பும் இருக்கிறது என்றார்கள். வால்வு மாற்றத்தையும், அடைப்பைச் சுற்றி இரத்தத்துக்கு மாற்றுவழி போடும் பைபாசையும் ஒரே தடவையில் செய்துவிடலாம் என்கிறார் சத்திரசிகிச்சை நிபுணர். ரொறன்ரோவில் இருக்கும் அக்கா “உடனே செய்யுங்கள்” என்கிறார். அம்மா “இந்த வயதில் நெஞ்சைப் பிளப்பதா” என்று அழுகிறார். “செய்தாலும் இன்னும் எத்தனை வருஷம் இருக்கப்போகிறார்?” என்று மாமா கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. உங்கள் அம்மாவுக்கும் இதே சத்திரசிகிச்சை நடந்ததாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். பிறகு எப்படி இருந்தார்?

ச., வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அக்கா பேசுகிறார், அம்மா அழுகிறார், மாமா கணக்குக் கேட்கிறார், நிபுணர் யோசனை சொல்கிறார். அப்பா ஒரு வரிகூடப் பேசவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் வைத்தியர் அல்ல. 2011இல் 76 வயது அம்மாவோடு இந்த வழியில் நடந்த மகள், அவ்வளவுதான். அதன்பின் இதைப்பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசிப்பது ஒரு பழக்கமாகிவிட்டது.

முதலில் உங்கள் மாமாவின் கேள்வி. “செய்தாலும் எத்தனை வருஷம்” என்று கேட்பவர், செய்யாவிட்டால் அப்பா இப்போது இருப்பதுபோலவே இருந்துகொண்டிருப்பார் என்று நினைக்கிறார். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்த கேத்தலுக்குள் வெள்ளையாகப் படியுமே, கிட்டத்தட்ட அதேபோலத்தான் வால்வின் இதழ்களிலும் சுண்ணாம்பு படிகிறது. அதைக் கரைக்கும் குளிசை இதுவரை இல்லை. பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். மயக்கமோ மூச்சுத்திணறலோ தொடங்கிய பிறகு கதை வேகமாக ஓடும். மயக்கம் வந்தவர்களின் சராசரி ஆயுள் மூன்று ஆண்டு, இருதயம் களைத்து மூச்சு வாங்கத் தொடங்கியவர்களுக்கு இரண்டு ஆண்டு என்று 1968இலேயே எழுதிவிட்டார்கள். நெஞ்சைத் திறந்தால் தாங்கமாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்ட 358 முதியவர்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் ஓராண்டுக்குள் இறந்துபோனார்கள். தொடை வழியாகக் குழாய் செலுத்திப் புது வால்வு வைக்கப்பட்டவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு 31 பேர். கோயில் வாசலில் அப்பா விழுந்ததை வெயில் என்று தள்ளிவிடாதீர்கள்.

அந்தக் குழாய்வழி வால்வைப் பற்றியும் நிபுணரிடம் கேளுங்கள். பிரான்சில் அலன் கிரிபியே என்பவர் 2002இல் முதல் தடவையாக ஒரு மனிதருக்கு அதைச் செய்தார். 75 வயதைக் கடந்தவர்களுக்கு அதையே முன்னிறுத்தின 2021இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டல்கள். அப்பாவுக்கு அடைப்புகளும் இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே திறப்பில் முடிக்க நினைத்திருக்கலாம்; நியாயமான யோசனைதான். குழாய்வழி வால்வின் விலையும் நம்மில் பலருக்கு எட்டாதது. இருந்தாலும் “ஏன் அது வேண்டாம்?” என்ற கேள்விக்கு அவர் வாயால் ஒரு பதில் வரட்டும்.

இனி நீண்டகாலக் கணக்கு. முதல் சில மாதங்களைக் கடந்துவிட்ட முதியவர்கள், அதன்பின் அந்த வயதுக்காரர் எவரையும் போலவே ஏறக்குறைய வாழ்கிறார்கள். ஆபத்தெல்லாம் முன்பக்கத்தில் குவிந்து கிடக்கிறது. மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகம் தளர்வது, கிருமித்தொற்று எல்லாம் அந்த முதல் வாரங்களின் விஷயங்கள். இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்யும்போது, ஒன்றை மட்டும் செய்வதைவிட ஆபத்து அதிகம். பைபாசில் மார்பின் உள்ளிருந்து எடுத்துப் பொருத்தும் நாடி பத்து ஆண்டு கழித்தும் பத்துக்கு ஒன்பது பேரில் திறந்தே இருக்கிறது. காலிலிருந்து எடுக்கும் நாளங்களில் ஏறக்குறைய பாதி அதற்குள் அடைபட்டுவிடுகின்றன. ஐம்பது வயதுக்காரருக்கு அது பெரிய கவலை. 79 வயதில் அவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. விலங்குத் திசுவால் செய்த வால்வும் அப்படித்தான். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தேயும் என்பார்கள், ஆனால் வயதானவர்களில் அது மெதுவாகவே தேய்கிறது.

விலங்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. என் அம்மா முட்டைகூடத் தொடாத சைவம். மாட்டின் இருதய உறையிலிருந்து வால்வு செய்கிறார்கள் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நானும் என் தம்பியும் ஒரு வாரம் தடுமாறினோம். கடைசியில் தாதி ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அம்மா கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “பால் தந்தது, இதையும் தந்தால் வாங்கிக்கொள்கிறேன்” என்றார். நாங்கள்தான் வீணாக மெலிந்தோம்.

அடையாள அட்டையில் இருக்கும் வயதைவிட அப்பாவின் நடை அதிகம் சொல்லும். இதை நான் கவித்துவத்துக்காக எழுதவில்லை. 2010இல் இருதய சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த முதியவர்களை ஐந்து மீற்றர் தூரம் நடக்கவிட்டு நேரத்தை அளந்தார்கள். ஆறு விநாடியோ அதற்கு மேலோ எடுத்தவர்களுக்கு இறப்போ பெருஞ்சிக்கலோ நேரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. உங்கள் தொடர்மாடி நடைபாதையில் ஐந்து மீற்றரை அளந்துவிட்டு, அப்பாவுக்குச் சொல்லாமல் எண்ணிப் பாருங்கள். வால்வு ஒடுங்கியதால்கூட நடை தளரலாம், ஆகவே அந்த எண்ணை வைத்து நீங்களே தீர்ப்பு எழுதாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். கூடவே எடை குறைந்திருக்கிறதா, சாப்பாடு எப்படி, கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்புகிறாரா என்பதையும் சொல்லுங்கள்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு அம்மாவின் மூன்றாம் இரவு எனக்கு மறக்காது. தாதியின் கையைப் பிடித்து, “யாழ்தேவி வந்துவிட்டது, பெட்டியை எடு” என்று அதட்டினார். அந்த ரயில் யாழ்ப்பாணம் போவது நின்று அப்போது 21 ஆண்டுகள். என்னைத் தன் செத்துப்போன தங்கை என்று நினைத்தார். மூளை போய்விட்டது என்று வாட்டுக்கு வெளியே நின்று அழுதேன். முதியவர்களுக்கு இது அடிக்கடி வரும் குழப்பம், பெரும்பாலும் சில நாட்களில் தெளியும் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால் உங்களுக்கு நான் சொல்கிறேன். கண்ணாடியையும் காதுக் கருவியையும் முடிந்த அளவு சீக்கிரம் திருப்பிக் கொடுங்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். இன்று என்ன கிழமை என்று சொல்லிக்கொண்டே இருங்கள். சிலருக்கு ஞாபகத்தில் ஒரு மங்கல் நீடிக்கும் என்பதையும் மறைக்கமாட்டேன்.

அதே நாட்களில் அம்மாவின் இதயத்துடிப்பு தாறுமாறாக ஓடத் தொடங்கியது. சத்திரசிகிச்சைக்குப் பின் மூன்றில் ஒருவருக்கு வருவதாம். அதனால் குருதி உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், அதனால் இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை, அதனால் வல்லாரைச் சம்பல் பற்றிய வழக்கு. கீரைகளில் உள்ள வைற்றமின் கே அந்தக் குளிசைக்கு எதிராக வேலை செய்யும். பக்கத்து வீட்டார் கீரையே கூடாது என்றார்கள். கிளினிக்கில் சொன்னது வேறு: நிறுத்த வேண்டாம், ஒரு வாரம் குவித்து மறுவாரம் வெறுமனே விடாமல் ஒரே அளவில் சாப்பிடுங்கள். அம்மா ஒரு சின்னக் கிண்ணத்தை அளவாக ஒதுக்கி வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபின் நெஞ்சைவிட, நாளம் எடுத்த கால்தான் தொந்தரவு தந்தது. இருமும்போதெல்லாம் தலையணையை மார்போடு அணைத்துக்கொள்வார். நெஞ்செலும்பு பொருந்த இரண்டு மூன்று மாதம் எடுக்கும். இரண்டாம் மாதம் காரணமில்லாமல் அழுதார். அதுவும் பலருக்கு வருவதுதான், கிளினிக்கில் சொல்லக் கூச்சப்படாதீர்கள். நான்காம் மாதம், வாசலில் குனிந்து கோலம் போட்டுவிட்டு மூச்சு வாங்காமல் எழுந்து நின்றார்.

கோலத்தைச் சும்மா சொல்லவில்லை. சத்திரசிகிச்சைக்கு முன், “குணமானால் என்ன செய்ய ஆசை, அம்மா?” என்று நிபுணர் கேட்டபோது அவர் சொன்ன விடை அது. பிள்ளைகள் மூன்று பேர் இருந்தும் எங்களில் ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மறுபடியும் யாழ்ப்பாணம் போனது. அடுத்த தையில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, தொட்டில் ஆட்டம் ஆடும் அந்த ரயிலில் ஊர் போய்ச் சேர்ந்தார். 2019இல் நியூமோனியாவில் போனார். வால்வு அப்போதும் ஒழுங்காகவே வேலை செய்துகொண்டிருந்தது. எட்டு ஆண்டு என்று மாமாவிடம் சொல்லாதீர்கள், அது அம்மாவின் கணக்கு.

இன்று மாலை வெயில் தணிந்ததும் அப்பாவை மெதுவாகக் கடற்கரைப் பக்கம் அழைத்துப் போங்கள். அம்மா வேண்டாம், தொலைபேசியில் அக்காவும் வேண்டாம். ரயில் பாதைக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்து, மூச்சு வாங்காமல் என்ன செய்ய விருப்பம் என்று கேளுங்கள். “ஒன்றும் வேண்டாம், இருக்கும்வரை இருந்துவிட்டுப் போகிறேன்” என்றால், அது களைப்பா தீர்மானமா என்று இன்னொரு நாளும் கேட்டுப் பாருங்கள். தீர்மானம்தான் என்றால் அக்காவிடம் எடுத்துச் சொல்லவேண்டியது நீங்கள்.

செய்வதென்று முடிவானால், திகதி கேட்கும் முன் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி இரத்தத்தில் ஏறிப் புது வால்வில் குடியேறலாம். அம்மாவுக்கு இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்க வேண்டியிருந்தது. நெஞ்சைத் திறக்கச் சம்மதித்த மனுஷி, அந்தக் கதிரையில் ஏற மட்டும் ஒரு மணிநேரம் மறுத்தார்.