டப்பா ஒன்று, நிறம் இரண்டு!

கேள்வி: வீடு முழுக்க ஒரே வெளிர் சாம்பல் அடிக்கலாம் என்று ஆசை. மாதிரிக்கு ஒரு சின்ன டப்பா வாங்கி, சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பூசிப் பார்த்தேன். ஹாலின் வெள்ளைச் சுவரில் நீலமாகத் தெரிகிறது. படுக்கையறையில் வெளிர் மஞ்சள் சுவர். அங்கே ஊதா அடிக்கிறது. "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், பேசாமல் வெள்ளையே அடி" என்கிறார் என் கணவர். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: கடைக்காரரை விட்டுவிடுங்கள், பாவம். டப்பாவில் கோளாறு இல்லை.

வெள்ளையில் கறுப்பை மட்டும் கலந்தால் பெரும்பாலும் நீலம் பாய்ந்த சாம்பல்தான் கிடைக்கும். அதை அடக்க ஒரு துளி மஞ்சளோ காவியோ சேர்ப்பார்கள். அந்தத் துளி எது, எவ்வளவு என்பதில்தான் ஒரு சாம்பலுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம். ஷேட் கார்டில் தனியாகப் பார்த்தால் இது கண்ணில் படாது. நல்ல வெள்ளைத் தாள் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். உள்ளே நீலம் இருக்கிறதா, பச்சை இருக்கிறதா, பழுப்பா என்று தெரிந்துவிடும்.

படுக்கையறை ஊதாவுக்குக் காரணம் அந்த மஞ்சள் சுவர். மஞ்சளுக்கு நடுவே சாம்பலை வைத்தால் நம் கண் அதில் ஊதாவைக் கூட்டிக் காட்டும். இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. பாரிஸின் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவைக் கவனித்த ஷெவ்ரேல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. நூலைச் சோதித்தால் குறை இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்ததால்தான் மங்கித் தெரிந்தது. 1839இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். அதனால் பழைய சுவரில் உள்ளங்கை அளவுக்குப் பூசிப் பார்ப்பதை மட்டும் செய்யாதீர்கள். அது சாம்பலைக் காட்டாது, பழைய சுவருக்கும் அதற்கும் நடக்கும் சண்டையைத்தான் காட்டும்.

இரண்டடிக்கு இரண்டடி அட்டை ஒன்று எடுங்கள். ஓரமெல்லாம் மூன்று விரல் வெள்ளை விட்டு, நடுவில் இரண்டு கோட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. காய்ந்தால் நிறம் மாறும். பிறகு அட்டையைச் சுவரோடு ஒட்டினாற்போல் நிறுத்திப் பாருங்கள்: ஜன்னலுக்கு எதிரே, ஜன்னல் பக்கத்துச் சுவரில், சோபாவுக்குப் பின்னால். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், விளக்கு போட்ட பிறகு ஒரு தரம். நேர் வெயில் வராமல் வானத்தை மட்டும் பார்க்கும் ஜன்னல் என்றால் வெளிச்சமே நீலம். அந்த அறைக்குப் பழுப்பு கலந்த சாம்பல்தான் சரி. மாலை வெயில் நேராக அடிக்கும் அறையில் அதே பழுப்புச் சாம்பல் மஞ்சளித்துப் போகும்.

ஆஸ்பத்திரி விஷயத்துக்கு வருகிறேன். ஹாலில் எரியும் பல்பின் பெட்டியைப் பாருங்கள். 6500 கெல்வின், அதாவது நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சம் என்று போட்டிருந்தால், உங்கள் கணவர் குறை சொல்வது பல்பை, பெயின்ட்டை அல்ல. மஞ்சள் சாயலான 3000 கெல்வின் அளவில், சி.ஆர்.ஐ. (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான எண்) 90க்கு மேல் உள்ள பல்பாக மாற்றிவிட்டு அதே அட்டையைப் பாருங்கள். பாதிப் பேர் அதோடு பெயின்ட் மாற்றும் யோசனையையே விட்டுவிடுவார்கள் (எனக்குத்தான் வேலை போகும்!).

ஒன்று மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்: ஜன்னலே இல்லாத நடையில் வெளிர் சாம்பல். வெளிச்சம் போதாவிட்டால் அது அழுக்குப் படிந்த வெள்ளையாகத்தான் தெரியும். அங்கே துணிந்து அடர்த்தியான நிறம் அடியுங்கள். மற்ற அறைகளுக்கு, ஷேடின் எல்.ஆர்.வி. எண்ணைக் கேளுங்கள். வெளிச்சத்தை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதற்கான கணக்கு அது. கறுப்பு 0, முழு வெள்ளை 100. 60க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சுவரெல்லாம் வெளிர் சாம்பல் என்றால் சீலிங், கதவு நிலை எல்லாம் என்ன நிறம்?

பதில்: அதே சாம்பலையே அடிக்கலாம், பளபளப்பை மட்டும் மாற்றுங்கள். சுவருக்குப் பளபளப்பில்லாத மேட், நிலைக்கும் கதவுக்கும் லேசாக மினுங்கும் சாட்டின். நிறம் ஒன்றுதான் என்றாலும் வெளிச்சம் படும்போது இரண்டும் பிரிந்து தெரியும். சீலிங்குக்கு அதே ஷேடைப் பாதி அடர்த்தியில் கலந்து தரச் சொல்லுங்கள். பளிச்சென்ற நீல வெள்ளையைச் சீலிங்கில் அடித்தால் கீழே சுவர் மங்கிப்போகும். பட்டி பார்த்தது சரியில்லாத சுவரில் சாட்டின் வேண்டவே வேண்டாம். உப்புத்தாள் போட்ட கோடெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் எழுந்து நிற்கும்.

கேள்வி: சாம்பல் மோகம் முடிந்துவிட்டது என்கிறார்களே?

பதில்: சொல்கிறவர்கள் உங்கள் வீட்டிலா குடியிருக்கப் போகிறார்கள்? பிடித்தால் அடியுங்கள்.

கேள்வி: போன வருஷம் அடித்த சாம்பல் சுவரில் ஆணி அடித்த ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, மிச்சமிருந்த பெயின்ட்டைத் தொட்டு வைத்தேன். திட்டாகத் தெரிகிறது.

பதில்: பட்டி மேல் பிரைமர் வைத்தீர்களா? வைக்காவிட்டால் பட்டி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த இடம் மட்டும் வெளிறும் அல்லது கறுக்கும். முதலில் ரோலரில் அடித்திருந்தால் இப்போது பிரஷ்ஷால் தொட்டதும் காட்டிக்கொடுக்கும். பிரைமர் வைத்து, சின்ன ரோலரில் அதே பெயின்ட்டை மெல்லிசாக ஓரம் கலைத்து உருட்டிப் பாருங்கள். அப்போதும் தெரிந்தால் அந்த ஒரு சுவரை மட்டும் மூலையிலிருந்து மூலை வரை முழுதாக அடித்துவிடுங்கள். புது டப்பா வாங்க வேண்டி வந்தால் பழையதையும் அதோடு ஒரே வாளியில் கொட்டிக் கலக்கிய பிறகு ஆரம்பியுங்கள். ஒரே எண் போட்ட டப்பாக்களிலும் நிறம் நூலிழை விலகும்.