தசமபாகமும் தண்டலும்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். கே.புதூர் பக்கம் கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். வேலைக்கு மூன்று பேர். "முதலாவது தேவனுடைய ராஜ்யத்தைத் தேடுங்கள்" என்ற வசனத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வருடமாக வருகிற பணத்தில் பத்தில் ஒன்றை முதலில் எடுத்து வைத்துவிடுகிறேன். போன மாதம் பில் 2 லட்சம், ஜிஎஸ்டியோடு 2,36,000 வந்தது. 23,600 காணிக்கை போட்டேன். இரும்பு 1,20,000, சம்பளம் 48,000, வாடகையும் கரண்டும் 14,000. கன்வென்ஷனில் விதைப்புக் காணிக்கைக்காக, அதாவது போட்டால் பல மடங்காகத் திரும்பும் என்று நம்பிப் போடுகிற காணிக்கைக்காக, 50,000 தண்டல் வாங்கினேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் பட்டறையை அப்படியே விட்டுவிட்டுப் போகிறேன். சனிக்கிழமைச் சம்பளம் இப்போது செவ்வாய், புதன் என்று போகிறது. போட்டி அதிகம், எல்லாரையும் போல 16 கேஜ் பைப் என்று சொல்லி அதைவிட மெல்லிய 18 கேஜ் போட வேண்டியிருக்கிறது. சபைப் பக்கமே வராத என் மச்சான் சர்வேயர் காலனியில் வீடு வாங்கிவிட்டார். தேவனுக்கு முதலிடம் கொடுத்தும் எனக்கு ஏன் வாய்க்கவில்லை?

ஒரு வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கணக்கை நீங்களே எழுதியிருப்பதால் பதில் சொல்வது சுலபம். பில் 2 லட்சத்தில் இரும்பு, சம்பளம், வாடகை, கரண்ட் போக மிஞ்சுவது 18,000. நீங்கள் போட்ட காணிக்கை 23,600. வீட்டில் உலை வைப்பதற்கு முன்பே 5,600 துண்டு விழுகிறது. அந்தத் துண்டை யார் கட்டினார்கள்? புதன்கிழமை வரை காத்திருந்த உங்கள் வெல்டர் ஒரு பங்கு, கடன் சொல்லிவைத்த இரும்புக்கடைக்காரர் ஒரு பங்கு. பெயர் உங்களுடையது, பணம் அவர்களுடையது.

36,000 ஜிஎஸ்டிக்கும் பத்தில் ஒன்று எடுத்திருக்கிறீர்கள். அது உங்கள் வரவே இல்லை. அதில் 21,600 இரும்பு வாங்கும்போது வரியாகக் கொடுத்தது, மீதி 14,400 அரசாங்கத்துக்குச் சேர வேண்டியது. மாதாமாதம் தாக்கல் செய்கிறவர் என்றால் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் 3பி என்கிற ஜிஎஸ்டி ரிட்டனோடு கட்ட வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, தாமதக் கட்டணம் தனி. உபாகமம் 14:22 தசமபாகம் கேட்பது நிலத்தில் விளைந்ததில். கைமாறிப் போகிற பணத்தில் அல்ல. புதிய ஏற்பாட்டில் 1 கொரிந்தியர் 16:2 சதவீதமே சொல்லவில்லை, வாரத்தின் முதல் நாளில் "வரவுக்குத் தக்கதாக" எடுத்துவைக்கச் சொல்கிறது. உங்கள் 18,000-க்குப் பத்தில் ஒன்று 1,800. இந்தத் தொகையைச் சொல்லக் கூச்சமாக இருந்தால், அந்தக் கூச்சம் யாருக்கு முன்னால் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

தண்டலுக்கு வருகிறேன். 50,000-க்கு எழுதிக்கொண்டு 42,500 கையில் கொடுத்து, நாளைக்கு 500 வீதம் 100 நாள் வசூலிப்பதுதான் பரவலான கணக்கு. 7,500 வட்டி சின்னதாகத் தெரியும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால் சராசரியாக உங்கள் கையில் நிற்பது அந்தப் பணத்தில் பாதிதான். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் நூறு சதவீதத்தைத் தாண்டும் வட்டி அது. கடன் வாங்கிக் காணிக்கை போடு என்று வேதத்தில் எங்கும் இல்லை. 2 கொரிந்தியர் 8:12 உள்ளதன்படியே கொடுக்கச் சொல்கிறது, இல்லாததன்படி அல்ல. பெற்றோருக்குச் சேர வேண்டியதை "கொர்பான்", அதாவது காணிக்கை, என்று சொல்லி ஒதுக்கிக்கொண்டவர்களை இயேசு என்ன சொன்னார் என்று மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒருவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கடவுள் பெயரில் திருப்பிவிட்டால் அது பக்தி ஆகாது என்பதுதான் அங்கே விஷயம். லேவியராகமம் 19:13 கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம் வரைக்கும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்கிறது. உங்களிடம் மூன்று, நான்கு விடியற்காலம் இருக்கிறது.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்ட கேஜ் விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒரு இஞ்ச் சதுரப் பைப், 20 அடி நீளம். 16 கேஜ் என்றால் தகடு ஏறக்குறைய 1.6 மில்லி, எடை ஏழு கிலோவுக்குச் சற்று மேல். 18 கேஜ் 1.2 மில்லி, ஐந்தரை கிலோ. ரெட் ஆக்சைடும் பெயிண்டும் அடித்தபின் வீட்டுக்காரரால் கண்டுபிடிக்க முடியாது. மெல்லிய பைப்பில் வெல்டிங் கரண்டைக் குறைக்காவிட்டால் ஓட்டை விழும், குறைத்தால் ஒட்டு சரியாகப் பிடிக்காது. மூட்டில் தண்ணீர் இறங்கித் துரு உள்ளிருந்து வரும். தெரியவருகிற நேரத்தில் உங்கள் ரசீது எங்கே போயிருக்கும் என்று அவருக்கே தெரியாது. நீதிமொழிகள் 11:1 கள்ளத்தராசு என்று சொல்வது பைப்புக்கு ஒன்றே முக்கால் கிலோ வரைக்கும் ஏறுகிற இந்த வித்தியாசத்தைத்தான். சுவர்க் காலண்டரில் அந்த மத்தேயு 6:33-ஐப் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். வசனத்தில் இருப்பது, "முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள்". பட்டறையில் அந்த நீதி கேஜிலும் சனிக்கிழமை மாலையிலும் இருக்கிறது. கொட்டேஷனில் 18 கேஜ் என்றே எழுதி, அதற்கான விலையைப் போடுங்கள். 16 வேண்டுமென்றால் இவ்வளவு கூடும் என்று பக்கத்தில் இன்னொரு வரி. சில ஆர்டர் கைநழுவும். அது உண்மை.

வெள்ளிக்கிழமை ஜெபத்தை விடச் சொல்லவில்லை. வியாழன் மாலையே பைப்பை வெட்டி அடுக்கி, அளவுச் சீட்டை வெல்டர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். வாடிக்கையாளரிடம் வெள்ளிக்கிழமைத் தேதி சொல்லாதீர்கள். உள்ளதை உள்ளதென்று சொல்வதும் அதே மத்தேயுவில்தான் இருக்கிறது.

மச்சானைப் பற்றி ஒரு வரி போதும். 73-ஆம் சங்கீதக்காரன் இதே பொறாமையில் கால் வழுக்கப் பார்த்தவன், படித்துப் பாருங்கள்.

வாய்க்கவில்லையே என்று கேட்டீர்கள். "காரியசித்தியுள்ளவன்" என்று ஆதியாகமம் 39:2 யோசேப்பைச் சொல்கிறபோது அவன் விலைக்கு வாங்கப்பட்ட அடிமை. அதிகாரம் முடிகிறபோது சிறையில் இருக்கிறான், அங்கேயும் கர்த்தர் வாய்க்கப்பண்ணினார் என்றே எழுதியிருக்கிறது. 17 வயதில் கதை தொடங்கி, பார்வோனுக்கு முன் நிற்கும்போது 30. நம் ஊரிலேயே, 1606-இல் இயேசு சபைப் பாதிரியார் நோபிலி மதுரைக்கு வந்தபோது, அவருக்கு முன்பே பத்து வருடத்துக்கு மேல் இங்கே உழைத்த இன்னொரு பாதிரியார் கொன்சாலோ பெர்னாண்டஸுக்கு மனம் திரும்பியவர் என்று காட்ட ஒருவரும் இல்லை. இந்த ஊர்ச் சந்நியாசி போல உடுத்தி வாழ்ந்த நோபிலியின் முறைமீது வந்த புகார் 1623-இல்தான் ரோமில் தீர்ந்தது, 1656-இல் மயிலாப்பூரில் பார்வை போன நிலையில் இறந்தார். நேர்மையாக நடந்தும் பட்டறை நொடிக்கலாம். அப்படி ஆகாது என்று நான் உத்தரவாதம் தர முடியாது, தருகிறவரை நம்பவும் வேண்டாம்.

இந்த மாதம் முதல் ஜிஎஸ்டிக்குத் தனிக் கணக்கு ஒன்று திறந்து, பில் பணம் வந்த அன்றே அந்தப் பங்கை அதில் போட்டுவிடுங்கள். சனிக்கிழமை ஆறு மணிக்குள் 12,000 சம்பளம். பிறகு இரும்புக்கடை. மிஞ்சியதில் காணிக்கை ஞாயிறு காலை. தண்டல் முடியும்வரை புதிதாக எந்த வாக்கும் யாருக்கும் கொடுக்க வேண்டாம், போதகரிடமும் இதை நேராகவே சொல்லிவிடுங்கள். தண்டல்காரர் அட்டையை வாங்கி, இன்னும் எத்தனை 500 மிச்சம் என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள்.