கிறிஸ்தவர்கள் சொத்துச் சேர்ப்பது பாவமா?

"ஐசுவரியவான் பரலோக ராஜ்யத்தில் பிரவேசிப்பது அரிது என்று இயேசு சொன்ன பிறகும், கிறிஸ்தவர்கள் வயல், காணி, நகை என்று சேர்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவன் நான். எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

சேர்க்கலாம். யாருடையதைச் சேர்க்கிறோம் என்பது மட்டும் மறந்துபோகக் கூடாது. லூக்கா 12ஆம் அதிகாரத்தில் வரும் ஐசுவரியவானின் நிலம் நன்றாக விளைந்தது, அதில் குற்றமில்லை. ஆனால் அவன் வாயைத் திறந்தால் என் களஞ்சியம், என் பொருள்கள், எனக்கு விளைந்த தானியம் என்றே வருகிறது. தந்தவர் பெயரும் இல்லை, அயலவன் பெயரும் இல்லை.

2008 கடைசியில் போரால் நாங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது உழவு இயந்திரப் பெட்டி நிறையச் சாமான் ஏற்றினோம். விசுவமடுவில் பாதியை விட்டோம், புதுக்குடியிருப்பில் மீதியை விட்டோம். கடைசியில் அம்மா தன் காப்பைக் கழற்றிக் கொடுத்து அரிசி வாங்கினார். ஆகவே, விசுவாசம் இருந்தால் செல்வம் பெருகும் என்று பிரசங்கிப்பவர்களை என்னால் ஏற்க முடியாது. அந்தப் பாதையில் எல்லாவற்றையும் இழந்தவர்கள் விசுவாசத்தில் குறைந்தவர்களா? அப்படிச் சொல்வது அவர்களுக்கு இழைக்கும் அநியாயம்.

இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் நிவாரண அரிசி அளந்துதான் கிடைக்கும். அதிலும் அம்மா உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்துப் பால்மா டின்னுக்குள் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிடியரிசி, கணவனைப் பறிகொடுத்துவிட்டு மூன்று பிள்ளைகளோடு பக்கத்துத் தறப்பாள் கொட்டிலில் இருந்த அக்காவுக்குப் போகும். "எங்களுக்கே காணாதே அம்மா" என்றேன். "தந்தவருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் தம்பி" என்றார். உக்கிராணத்துவம், அதாவது கடவுள் தந்ததை அவருடையதாகவே பொறுப்போடு பராமரிப்பது பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டுவிட்டேன். எனக்கு அது விளங்கியது அந்த டின்னில்தான்.

அதற்காகச் செல்வத்தைக் கண்டு பயந்து ஒளிக்கவும் கூடாது. இயேசு சொன்ன உவமையில் எஜமான் ஒரு வேலைக்காரனிடம் ஒரு தாலந்தை ஒப்படைத்துப் போகிறான். ஒரு தாலந்து என்பது ஏறத்தாழ 6,000 வெள்ளிக்காசு, கூலியாள் ஒருவரின் பதினாறு வருட உழைப்புக்கும் மேல். அவ்வளவையும் மண்ணில் புதைத்தவனை எஜமான் மெச்சவில்லை. விதைநெல்லைப் பூட்டி வைத்தால் உளுத்துத்தான் போகும்.

யாத்திராகமம் 22:25 எளியவனிடம் வட்டி வாங்காதே என்கிறது. எங்கள் ஆலயத்திலேயே முன்வரிசையில் இருந்துகொண்டு அயலவருக்கு மீற்றர் வட்டிக்கு, அதாவது மீற்றர் ஓடுவதுபோல் ஏறிக்கொண்டே போகும் கடும் வட்டிக்குக் கொடுப்பவர்கள் உண்டு. அவர்கள் போடும் காணிக்கை எனக்குக் கசக்கிறது.

மீள்குடியேறிய பிறகு எங்கள் வீட்டு வழக்கம் இது: அறுவடையானதும் பத்தில் ஒன்றை முதலில் அளந்து வைப்போம். விதைநெல் இல்லாதவருக்கு இரண்டு மூட்டை கொடுப்போம். அடுத்த அறுவடையில் இரண்டு மூட்டையாகவே திரும்பி வரும். போன காலபோகத்தில், அதாவது மாரிகால நெற்செய்கையில், ஒருவரின் பயிர் வெள்ளத்தோடு போய்விட்டது. கொப்பியில் அவர் பெயருக்கு நேரே அம்மாதான் கோடு கிழித்தார்.