தட்டும் கை

வணக்கம்.

கல்லூரியில் படிக்கும் என் மகன் எம்எம்ஏ என்ற, குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கூண்டுச் சண்டைகளில் மூழ்கிக் கிடக்கிறான். தண்ணீர் தெளித்தாலும் எழாதவன், அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கும் சண்டைக்காக ஞாயிறு காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். சென்ற வாரம் அவன் பழைய பதிவு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். ரஷ்யர் ஒருவர் எதிராளியின் கழுத்தைக் கால்களால் நெரிக்கிறார். அவர் மயங்கிப் போகிறார். வென்றவரோ கூண்டின் நடுவில் குப்புற விழுந்து அழுகிறார். பார்வையாளர் இருக்கைகளில் யாருமே இல்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்களும் இவற்றைப் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். மனிதர்களை வைத்து நடத்தும் சேவல் சண்டைதானே இது? உங்களைப் போன்றவருக்கு இதில் என்ன இருக்கிறது? இப்போது பயிற்சிக்கூடத்தில் சேரப் பணம் கேட்கிறான். தரலாமா?

பெயர் வெளியிட விரும்பாத ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

சேவல் சண்டை என்று நீங்கள் எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெய்ன் 1990களில் சொன்னதும் இதே சொல்தான். ஐம்பது மாநில ஆளுநர்களுக்கும் கடிதம் எழுதி, இதைத் தடை செய்யச் சொன்னார். பல மாநிலங்கள் தடையும் செய்தன. அன்றைக்கு அவர் சொன்னது முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். 1993 நவம்பர் 12 அன்று டென்வரில், எம்எம்ஏ போட்டிகளை நடத்தும் யூஎஃப்சி நிறுவனத்தின் முதல் இரவில், முதல் சண்டை அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை. கீழே சரிந்த சுமோ வீரரின் முகத்தில் டச்சுக்காரர் ஒருவர் உதைத்தார். பல் தெறித்தது.

ஆனால் அதே இரவில் இன்னொன்றும் நடந்தது. ஆர்ட் ஜிம்மர்சன் என்ற குத்துச்சண்டை வீரர் ஒரு கையில் மட்டும் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். பிரேசிலின் ராய்ஸ் கிரேசி அவரைக் கீழே தள்ளி மார்பின் மேல் ஏறி அமர்ந்தார். கழுத்துப் பிடியோ கைப்பிடியோ இன்னும் விழவில்லை. ஜிம்மர்சன் தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டிவிட்டார். இங்கிருந்து எழ வழியில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். பலர் இன்றும் அதைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். எனக்கு அந்த இரவிலேயே புத்தியுள்ள காரியமாகத் தெரிவது அதுதான்.

நான் பார்ப்பது இந்தத் தட்டுதலுக்காக. எதிராளியின் உடம்பிலோ தரையிலோ இரண்டு மூன்று முறை தட்டினால் போதும், சண்டை அங்கேயே முடிந்தது. சேவலின் காலில் கத்தியைக் கட்டுகிறவரும் களத்தில் விடுகிறவரும் வேறு ஆட்கள்; போதும் என்று சொல்ல அதற்கு வாய் இல்லை. இங்கே அந்த வாய் கையில் இருக்கிறது.

எல்லோரும் தட்டுவதில்லை. 2004 ஜூனில் லாஸ் வேகாஸில், ஃபிராங்க் மிர்ரின் பிடியில் டிம் சில்வியாவின் கை சிக்கியது. நடுவர் ஹெர்ப் டீன் பாய்ந்து வந்து சண்டையை நிறுத்தினார். தொடங்கி ஐம்பதே நொடி. எனக்கு ஒன்றுமில்லை, தொடரலாம் என்று சில்வியா வாதாடினார். அரங்கம் நடுவரைப் பழித்துக் கூச்சலிட்டது. பிறகு பெரிய திரையில் மீண்டும் காட்டினார்கள்: முன்கை எலும்பு முறிவது கண்ணுக்கே தெரிந்தது. தட்ட மனம் வராதவருக்காக நடுவர் தட்டியிருக்கிறார். அதற்காகச் சில்வியா பின்னாளில் அவரைப் பாராட்டினார்.

இனி நீங்கள் பார்த்த சண்டை. அது 2020 அக்டோபர் 24, அபுதாபி. கொரோனாக் காலம், அதனால்தான் காலி இருக்கைகள். வென்றவர் ரஷ்யாவின் தாகெஸ்தான் பகுதியைச் சேர்ந்த கபீப் நுர்மகமதோவ். சிறு வயதிலிருந்து அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் அவருடைய தந்தை அப்துல்மனாப். கொரோனாவுக்குப் பின்வந்த சிக்கல்களால் அந்த ஜூலையில்தான் அவர் இறந்திருந்தார். தந்தை இறந்த பிறகு கபீப் இறங்கிய முதல் சண்டை அது.

எதிராளி ஜஸ்டின் கேச்சி. இரண்டாம் சுற்றில் கபீப் போட்டது முக்கோணப் பிடி. கழுத்தின் ஒரு பக்கத்தைத் தொடை அழுத்தும், மறுபக்கத்தைச் சிக்கியவரின் தோளே அழுத்தும். மூச்சு அடைபடுவதைவிட, மூளைக்குப் போகும் ரத்தம் தடைபடுவதுதான் இதில் முக்கியம். சில நொடிகளில் மயக்கம் வந்துவிடும். கேச்சி தட்டினார். நடுவர் அதை உடனே கவனிக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் அவர் மயங்கினார். சற்று முன்பு கபீபுக்குக் கையை முறிக்கும் பிடிக்கும் வாய்ப்பு இருந்தது. கேச்சி எளிதில் தட்ட மாட்டார், அவருடைய பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் கண் முன்னால் கையை உடைக்க வேண்டாம் என்று பிடியை மாற்றியதாகக் கபீப் தன்னிடம் சொன்னார் என்று, நண்பர் டேனியல் கோர்மியே பின்னர் தெரிவித்தார். தெளிந்து எழுந்த கேச்சி, அழுதுகொண்டிருந்தவரிடம் போய் அவருடைய தந்தையைச் சொல்லித் தேற்றினார். கபீப் கையுறைகளைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு ஓய்வை அறிவித்தார். இருபத்தொன்பது சண்டை, ஒரு தோல்வி இல்லை. தந்தை இல்லாமல் இனிச் சண்டையில்லை என்று தாயிடம் சொல்லியிருந்தாராம். நீங்கள் எட்டிப் பார்த்தது இதைத்தான்.

எனக்குப் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். அடிபட்டு நினைவிழந்து விழுந்தவர் மேல், நடுவர் வந்து சேர்வதற்குள் இன்னும் இரண்டு குத்து விழும். அப்போது நான் திரையைப் பார்ப்பதில்லை. மயங்கியவரால் தட்ட முடியாது அல்லவா? தலையில் ஆண்டுக்கணக்கில் விழும் அடி மூளையை என்ன செய்யும் என்பதற்கும் விளையாட்டு உலகம் நல்ல பதில் வைத்திருக்கவில்லை. பணத்திலும் நியாயம் குறைவு. ஊதியத்தை அமுக்கி வைத்ததாக முன்னாள் வீரர்கள் 2014இல் யூஎஃப்சி மேல் வழக்குப் போட்டார்கள். பத்தாண்டு கழித்து 37.5 கோடி டாலர் தர நிறுவனம் இசைந்தது.

பணம் தரலாமா என்றால், தரலாம். கூடத்துக்கு நீங்களும் ஒருமுறை போய் ஓரமாக உட்காருங்கள். புதிதாக வந்த பையன் பிடியில் சிக்கித் தட்டும்போது பயிற்சியாளர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அவர் ஏளனமாகச் சிரித்தால் மகனை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.